புண்ணாக்குக் கிடங்கும் மின்விசிறி மண்டபமும்

வேதமாணிக்கத்தின் புண்ணாக்குக் கிடங்கைப் பற்றி யாராவது குறை சொன்னால் அங்கம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். குறையே இல்லாத இடம் என்று அவளும் சொல்லமாட்டாள். திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகை அது. மழை பிடித்துக்கொண்டால் பாடுகிறவனின் வாய் அசைவதுதான் தெரியும், பாட்டு கேட்காது. எண்ணூர்ப் பக்கம் ரயில் போனால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு மிச்சத் தரையில் ஜனம் நெருக்கியடித்து உட்காரும். வீட்டுக்கு வந்து சேலையை அலசிப்போட்டாலும் கடலைப் புண்ணாக்கு வாசம் போகாது.

ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே அவள் புருஷன் பொன்னுரங்கம் பாடினால் குப்பமே திரண்டு வரும். வேதமாணிக்கம் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், கறாரான வியாபாரி. பீடி நெருப்பு சாக்கில் விழுந்தால் நான் ஓட்டாண்டி என்று வாராவாரம் புலம்புவார். புலம்பிக்கொண்டே முதல் ஆளாக வந்து மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

பொன்னுரங்கம் பாடியது வலை இழுக்கிற பாட்டு. கரையில் பெரிய வலை இழுக்கும்போது ஒருவன் வரி எடுத்துக் கொடுப்பான், கயிற்றைப் பிடித்தவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் சொல்கிற மூச்சில்தான் கயிறு நகரும். வரி காதில் விழுந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவன் கயிற்றைக் கைவிட்டவன் என்றுதான் குப்பத்தில் அர்த்தம். அதனால் பொன்னுரங்கம் கிடங்கில் நின்று "கயித்துல யாரு கீறா?" என்று எடுத்தால், "நாங்க கீறோம், இழு!" என்று தகரம் அதிரும். கரையில் ஆண்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். கிடங்கில் பெண்களும் சேர்ந்துகொண்டதற்குக் காரணம் அங்கம்மா. ஒருநாள் அவளாகவே பதில் கொடுத்தாள், அவள் தொண்டையை அடக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் பொன்னுரங்கத்தின் அண்ணன் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. அண்ணி கோவிந்தம்மா அதற்கப்புறம் இவர்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அன்றிலிருந்து பொன்னுரங்கம் துடுப்பைத் தோளில் வைத்தாலே அங்கம்மா வாசலை மறித்து நிற்பாள். கடலை விட்டுத் தொலை, வேறு ஏதாவது பிழைப்புப் பார் என்று ஓயாமல் நச்சரித்தாள்.

அந்த நேரத்தில்தான் பட்டணத்திலிருந்து ஒரு காரியதரிசி காரில் வந்து இறங்கினார். மெட்ராசில் பெரிய சங்கீத மண்டபம் ஒன்றுக்கு அவர் காரியதரிசி. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கிடங்கு வாசலில் நின்று பாட்டைக் கேட்டார். மார்கழி விழாவில் ஒரு மாலை நேரத்தை மீனவர் பாட்டுக்கு ஒதுக்கியிருப்பதாகவும், சபையோருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் அழைப்பதாகவும், ரேடியோ நிலையத்தாரிடம் தானே ஒரு வார்த்தை சொல்வதாகவும் சொன்னார். பொன்னுரங்கம் தயங்கினான். போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அங்கம்மாதான். அவனுடைய ஜிப்பாவுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தவளும் அவள்தான்.

காரியதரிசி ஒத்திகைக்குக் கூப்பிட்டு, பாட்டில் கொச்சை இருக்கிறது, திருத்த வேண்டும் என்றார். பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்து "கயிற்றில் யார் இருக்கிறார்?" என்று பாடிப் பழகினான். சோறு ஆக்கிக்கொண்டிருந்த அங்கம்மாவுக்கு எரிச்சல் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டால் கயிற்றில் இருக்கிறவன் அட்ரஸ் சொல்லிவிட்டுப் போவானே தவிர இழுக்கமாட்டான். கடலுக்குப் போகாமல் இருந்தால் சரி என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. குப்பத்து ஜனம் கடைசி வரிசைகளுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு கிளம்பியது. கோவிந்தம்மா வீட்டை விட்டு வெளியே வந்தே மாதக்கணக்காகியிருந்தது. கொழுந்தன் பாடுவதைக் கேட்க அவளும் வந்தாள்.

மண்டபம் மண்டபமாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். நாற்காலிக்கு நாற்காலி நம்பர், தலைக்கு மேல் மின்விசிறி, மேடைக்கு மெரூன் திரை. சுவரில் ஒரு பலகை, அமைதி காக்கும்படி. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் இழவு வீட்டில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. முதலில் திரைக்கு முன்னால் ஒருவர் கடவுள் வாழ்த்துப் பாடினார். முன்வரிசைக்காரர்கள் கை தட்டினால் கைக்கு வலிக்குமோ என்று பயந்து தட்டுகிற மாதிரி இருந்தது. பாட்டு வந்து விழுகிறது, இவர்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், திருப்பி ஒன்றும் கொடுப்பதில்லை. இதுவா பாட்டுக் கேட்கிற லட்சணம் என்று அங்கம்மா கோவிந்தம்மாவின் காதில் முணுமுணுத்தாள்.

திரை விலகியது. பொன்னுரங்கம் மைக் முன்னால் ஒரு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்து பாடி அவள் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "கயிற்றில் யார் இருக்கிறார்?" என்று எடுத்தான்.

கடைசி வரிசைகள் மொத்தமும் "நாங்க கீறோம், இழு!" என்றன.

இதில் அவர்கள் செய்த தப்பு என்ன? வரி காதில் விழுந்தது, வாய் பதில் சொன்னது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒருசேரத் திரும்பின. காரியதரிசி மேடைக்கு வந்து, இது மீன் சந்தை அல்ல, பின்வரிசையினர் நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டும் என்று மைக்கில் சொன்னார். கோவிந்தம்மா பயந்துபோய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பொன்னுரங்கம் மறுபடி எடுத்தான். எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பாட்டு வேகம் பிடிக்கிற இடம் ஒன்று உண்டு, மீன் திரண்ட வலையின் மடி தண்ணீருக்கு மேல் தெரிகிற இடம். அங்கே எவனாலும் சும்மா இருக்க முடியாது. மறுபடி பதில் போய்விட்டது.

இந்தத் தடவை மண்டபத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எழுந்திரு, வெளியே போ என்றார்கள். ஒருத்தன் கோவிந்தம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். அங்கம்மா அவன் கையைத் தட்டிவிட்டு மேடையைப் பார்த்தாள். பொன்னுரங்கம் எழுந்திருப்பான், ஜமக்காளத்தை உதறிவிட்டு இறங்கி வருவான் என்று நினைத்தாள். அந்த நிமிஷம் அவள் அதைச் சந்தேகப்படவே இல்லை.

அவன் எழுந்திருக்கத்தான் செய்தான். மைக்குக்கு முன்னால் கை கூப்பினான்.

"பெரியவங்க மன்னிக்கணும். அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க ஊரு ஜனம் இல்ல."

வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்டது. அவர்கள் வெளியே வந்து நின்றபோது அவன் பாட்டைத் தொடர்ந்தான். பதில் குரல் இல்லாமல், மொட்டையாக, தெருவுக்கும் கேட்டது. கோவிந்தம்மா, தான் வந்ததால்தான் கொழுந்தனுக்குத் தலைக்குனிவு என்று அழுதாள். அங்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. அண்ணியின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

பொன்னுரங்கம் தோளில் பொன்னாடையோடு வீடு வந்தான். முகத்தில் வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. சந்தோஷம் இருந்ததைத்தான் அங்கம்மாவால் பொறுக்க முடியவில்லை. வாயில் வந்த ஒரு வார்த்தை, வந்தது போனது, அதற்கு ஏன் இந்த முறைப்பு என்று கேட்டான்.

"அடுத்த மாசமும் கூப்ட்டுகீறாங்கமே. கட்டுமரத்துல ஏறாதன்னு நீதான சொன்ன? யாருக்காவ அங்க அப்டிச் சொன்னேன் நானு?"

"ஏறாதன்னு சொன்னேன். எங்களத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேனா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அவன் சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருந்தது. அந்தத் துளிதான் அவளை வதைத்தது. அவன் கடலில் சாகக்கூடாது என்று அவள் ஆசைப்பட்டது நிஜம். அந்த ஆசையைத் தூண்டிலில் மாட்டித் தன் வாயிலேயே திணிக்கிறானே என்று உடம்பு எரிந்தது. அதற்கப்புறம் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை.

சனிக்கிழமை வந்தது. கிடங்கில் அன்றைக்கு வந்த கூட்டம் என்றைக்கும் வந்ததில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு எடுக்கவில்லை, யாரும் யாரையும் தூண்டிவிடவில்லை. எல்லாரும் சும்மா வந்து சும்மா உட்கார்ந்தார்கள். பீடிகூடப் பற்றவைக்கவில்லை. வேதமாணிக்கம் மூட்டை மேலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று கீழே இறங்கி நின்றுகொண்டார்.

பொன்னுரங்கம் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வந்து நடுவில் நின்றான். பழைய குரலில், பழைய வார்த்தையிலேயே எடுத்தான்.

"கயித்துல யாரு கீறா?"

பதில் இல்லை. அவன் சிரித்துக்கொண்டு மறுபடி எடுத்தான். பதில் இல்லை. கரையில் ஒருத்தன் எடுத்துக் கொடுத்து மொத்தக் கயிறும் இப்படி மௌனமாக நின்றால், இனி உன் வரிக்கு நாங்கள் இழுக்கமாட்டோம் என்று அர்த்தம். அவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? மூன்றாவது தடவை எடுக்கும்போது குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் வந்து அங்கம்மாவின் எதிரில் நின்றான்.

"நீயாச்சும் பாடுமே," என்றான்.

அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்தது தொண்டைக்கு வந்தது. "இங்க மைக்கு இல்ல. அங்க சொன்னத இங்க கத்திச் சொல்லு. உங்கண்ணன் பொண்டாட்டி கேக்கட்டும்."

பொன்னுரங்கம் கோவிந்தம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அங்கே நிலைமை அப்படி என்று ஏதோ ஆரம்பித்தான். தப்புதான் என்ற ஒரு சொல் அந்த வாயில் வருகிறதா என்று கிடங்கே காத்திருந்தது. அவன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டான்.

அங்கம்மா எழுந்தாள். குப்பத்தில் எந்தப் பெண்ணும் வரி எடுத்துக் கொடுத்ததில்லை. பதில் சொல்வதற்கே அவள்தான் வழி பண்ண வேண்டியிருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி எடுத்தாள்.

"கயித்துல யாரு கீறா?"

முதலில் கோவிந்தம்மாவின் மெலிந்த குரல் வந்தது. அதன் மேல் மொத்தக் கிடங்கும் விழுந்தது. வேதமாணிக்கம்கூடத் தன் ஊர்த் தமிழில் ஏதோ கத்தினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பொன்னுரங்கம் வாய் திறந்தானா இல்லையா என்று அங்கம்மா பார்க்கவில்லை. அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள்.