கல் விளைந்த வயல்

1957ஆம் ஆண்டு சிறுபோக நெல்லுக்காக ஆலங்கண்டல் குளத்தின் மதகான துருசைத் திறந்தபோது தண்ணீர் வெளியே வரவில்லை. திறந்த வாயில் கண்ணாடிபோல நின்றது. உள்ளேயிருந்து இரண்டு விரால் மீன்கள் ஊராரைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூதூருக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் இதற்கு யாரும் பெரிதாகப் பதறவில்லை. தண்ணீருக்கு உத்தரவு வேண்டுமாக்கும் என்று கிராமச் சபைத் தலைவர் குலசிங்கத்தாரைக் கூட்டி வந்தார்கள். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஓடச் சொன்னார். தண்ணீர் கிராமச் சபையின் எல்லைவரை ஓடி நின்றுகொண்டது. பிறகு மாவட்ட நிர்வாகம் நடத்தும் கச்சேரியின் பெரியவர் ஜீப்பில் வந்து சொன்னார். பெரிய வாய்க்கால் முடியும்வரை போனது. கடைசியில் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தண்ணீர் அதைப் பொருட்படுத்தாமல் வயல் வரம்புகள்வரை வந்து காத்து நின்றது.

எல்லாரும் வரம்பை வெட்டினார்கள், ஜமால்தீனைத் தவிர. அவனுக்கு எந்த அரசாங்கத்திலும் நம்பிக்கை இல்லை. சும்மா தருகிறவர்களிடம் இரட்டிப்புச் சந்தேகம். அந்தச் சந்தேகம் வீண்போகவில்லை. தண்ணீர் ஓடிய இடமெல்லாம் ஒரு வாரத்தில் எல்லைக்கற்கள் முளைத்தன. கிராமச் சபைத் தண்ணீர் நனைத்த மண்ணில் பால்பல் அளவு கற்கள், கச்சேரித் தண்ணீருக்கு முழங்கால் உயரக் கற்கள், கொழும்புத் தண்ணீருக்கு ஆளுயரக் கற்கள். கொழும்புக் கற்கள் இலக்கத்தோடேயே முளைத்தன. பக்கத்து மூத்ததம்பியின் வயலில் நெல்லும் விளைந்தது, நடுவில் ஒரு கல்லும் விளைந்தது. மறுவருடம் நில அளவைச் சங்கிலியோடு வந்தவர்கள் கல்லுக்கு அப்பால் உள்ளது அரசாங்கத்தினது என்று அளந்துகொண்டு போனார்கள்.

"கல்லுக்குப் பயந்து புள்ளையளப் பட்டினி போடுறதா?" என்று கேட்டாள் ஜமால்தீனின் மனைவி றஹ்மா.

"தண்ணி முன்னுக்கு வரும். அவங்க பொறகால வருவாங்க," என்றான் ஜமால்தீன்.

மழையை நம்பிப் பெரும்போகம் மட்டும் செய்தான். மற்றக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். றஹ்மாவின் கழுத்துச் சங்கிலி போனது, மகள் லைலாவின் கலியாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது, ஜமால்தீனின் முதுகு வளைந்தது. வாப்பா விட்டுப்போன வயல் மட்டும் ஒரு சாண் குறையாமல் கிடந்தது. அதில் அவனுக்குப் பெருமைதான், றஹ்மாவுக்கு ஆத்திரம்.

1981இல் கிராமச் சபைகளைக் கலைத்தார்கள். அன்று முற்பகலில் அந்தச் சின்னக் கற்கள் எல்லாம் தானாக உதிர்ந்தன. கிழவராகிவிட்ட குலசிங்கத்தார் அவற்றைச் சால்வையில் பொறுக்கிக்கொண்டு போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவற்றுக்குப் பதிலாக மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. அதிகாரம் இனி உங்கள் வீட்டு வாசலில் என்று ஒலிபெருக்கி கத்தியது. அந்தச் சபையின் தண்ணீரும் வந்தது, கற்களும் இடுப்பளவுக்கு முளைத்தன. ஜமால்தீன் வாய்க்கால் ஓரத்தில் ஒன்றைத் தட்டிப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பானைபோல ஒலித்தது. இன்னொன்றைத் தட்டினான், அதுவும் அப்படியே. பல வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"வெறும் கோது. இதால நம்மள ஒண்டும் செய்ய ஏலாது," என்று சொல்லி வரம்பை வெட்டினான். தண்ணீர் வயலுக்குள் இறங்கியதைப் பார்த்து றஹ்மா அழுதாள்.

அந்தப் போகத்து விளைச்சலைப் போல அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. வயலின் நடுவில் ஒரு கல் எழும்பியது. கோதுதானே என்று ஜமால்தீன் அதைச் சட்டை செய்யவில்லை. அறுவடையன்று காலையில் அதன் மேலோடு நெற்றுபோல வெடித்து விழுந்தது. உள்ளே ஆளுயரத்துக்கு வளர்ந்த கல் நின்றது, கொழும்பு இலக்கத்தோடு.

றஹ்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கல்லை ஒரு தடவை சுற்றி வந்தான். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, கல்லுக்கு அப்பால் நின்ற கதிரை முதலில் அறுக்கத் தொடங்கினான்.