முதல் காப்பு

ஜீவராணிக்கு ஒரு கெட்ட பழக்கம். சொல்ல வேண்டியதைக் கடைசி நிமிடம்வரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பாள். ஆறு வருஷம் ஜோர்ஜியாவில் மருத்துவம் படித்து, வாயில் நுழையாத பாஷையில் நோயாளிகளோடு பேசப் பழகிவிட்டவளுக்கு, பெற்ற தாயிடம் ஒரு விஷயத்தைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. விஷயம் இதுதான்: அவள் இன்றைக்கே திரும்பிப் போகிறாள்.

பட்டம் வாங்கிய கையோடு அம்மாவைப் பார்த்து வரலாமென்று, நமுனுகுலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். அவளோடு படித்த வெளிநாட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர், அங்கேயே ஒரு வேலை கிடைக்காதா என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஏறி இறங்கியவள்தான். முந்தாநாள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. குழந்தைகள் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இடம் போனால் விசாவும் போச்சு.

இங்கே இருப்பதென்றால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பரீட்சையை எழுத வேண்டும், பிறகு வேலைக்காக வரிசையில் நிற்க வேண்டும். அவளுக்கு முன்னால் வந்த சிலர் இன்னமும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே யாரும் அவளைப் பார்த்து "எந்தத் தோட்டம்?" என்று கேட்பதில்லை.

விடிந்தால் விமானம். அதற்கு இன்று பொழுதுசாயப் பண்டாரவளையில் கொழும்பு பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஸியாம், தோட்டத்து எல்லையான பாலத்துக்கு அப்பால் ஆட்டோவோடு காத்திருப்பதாக ஏற்பாடு. அம்மாவையும் பஸ்வரைக்கும் கூட்டி வருவதாக அவனிடம் சொல்லியிருந்தாள்.

நடுவில் மாரியம்மன் வந்து நின்றாள். இன்று பிற்பகல் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. மஞ்சள் கயிறு கையில் ஏறிய பிறகு, திருவிழா முடியும்வரை அந்த ஆள் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டாத மற்றவர்கள்கூட வெளியில் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், வெளியே ராத் தங்கக் கூடாது. காப்பு விழும் முன்னே போய்விட்டால் யாருக்கும் பொல்லாப்பில்லை. ஆகவே மத்தியானமே அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவது என்பது அவளுடைய திட்டம்.

மத்தியானமும் வந்தது. அம்மா இராக்கம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, மகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"அம்மா."

"என்னாடி?"

"சீனி போதும்மா."

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து லயத்து வீட்டு வாசலில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. கோயில் கமிட்டித் தலைவர் அழகர் முன்னால் நின்றார். பின்னால் தப்படிக்கிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் பாதித் தோட்டம்.

"டொக்டரம்மா, கெளம்புங்க. இந்த வருசம் மொத காப்பு ஒங்களுக்குத்தான்."

முதல் காப்பு அவளுடைய அப்பாவின் இடம். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மாரடைப்பில் போனார். அப்போது ஜீவராணியால் வர முடியவில்லை. அதிலிருந்து அந்த இடம் காலிதான். பொம்பளைக்கு முதல் காப்புக் கட்டிப் பழக்கமில்லை என்றாலும், தோட்டத்தின் முதல் டொக்டர் ஊரோடு வந்துவிட்டாளே என்று கமிட்டி ஒரே மனதாய் முடிவெடுத்துவிட்டது. அவள் வந்தது இருப்பதற்குத்தான் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவளும் இல்லையென்று சொல்லவில்லை.

ஜீவராணி அம்மாவைப் பார்த்தாள். இராக்கம்மா அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல், "கேக்குறாங்கல்ல, பதில் சொல்லு," என்றாள்.

"வர்றேங்க மாமா."

அவ்வளவுதான் அவளுடைய வீரம்.

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஸியாம்தான். எடுத்தால் என்ன சொல்வது? வேலை கை நழுவிக்கொண்டிருந்தது, தடுக்க வேண்டியவளோ ஊர்வலத்தின் முன்னால் பொம்மை மாதிரி நடந்துகொண்டிருந்தாள். கைப்பிள்ளையோடு வந்த ஒருத்தி அவள் தோளைத் தொட்டு, "இனி ராவுல புள்ளைக்குக் காச்சல்னா பதுளைக்கு ஓட வேண்டியதில்லீங்க," என்றாள். ஜீவராணி வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டிய தலைக்கும் ஓர் அர்த்தம் உண்டென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

பூசாரி கயிற்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்தார்.

"கைய நீட்டு தாயி."

இப்போது முடியாதென்றால் அம்மாவின் மானம் இத்தனை பேர் முன்னால் போய்விடும். நீட்டினால் எல்லாம் போய்விடும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவள் கையை நீட்டினாள்.

ஈரக் கயிறு மணிக்கட்டைச் சுற்றியது, முடிச்சு இன்னும் விழவில்லை.

"நிறுத்துங்க சாமி."

இராக்கம்மாவின் குரல். புருஷன் போனதிலிருந்து நல்ல காரியமென்றால் கூட்டத்துக்கு வெளியே ஓரமாய் நிற்கிறவள், இன்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் ஜீவராணியின் பயணப் பை. கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த பை.

மகளின் கையிலிருந்து கயிற்றை அவளே பிரித்து எடுத்தாள். பிறகு தன் கையைப் பூசாரியின் முன் நீட்டினாள்.

"எனக்குக் கட்டுங்க."

பூசாரி அழகரைப் பார்த்தார். அழகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, தாலி எறக்குனவங்களுக்குக் கட்டுற வழக்கமில்லீங்களே..."

"இவளுக்குக் கட்டி, இவ அத அத்துப் போட்டுட்டுப் போனா அது வழக்கமா? இவ இன்னைக்கே வெளிநாட்டுக்குப் போறா. அந்த வீட்டுல இனி இருக்கப்போறவ நான் ஒருத்திதான். இருக்கிறவளுக்குக் கட்டுங்க."

அழகர் பூசாரியிடம் தலையசைத்தார்.

"இருங்க சாமி. மொதல்ல அவ பாலத்தத் தாண்டட்டும். காப்பு விழுந்த பொறவு போனா குத்தமாயிரும்." இராக்கம்மா பையை மகளிடம் கொடுத்தாள். "அப்பா போனப்ப நீ வரல. அதுக்குக்கூட நான் ஒன்னையக் கோவிச்சுக்கல. பையில டிக்கட்டப் பாத்துட்டு, சொல்லுவ, சொல்லுவன்னு ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன் ராணி."

"அம்மா, நான்..."

"நட. பஸ்ஸு போயிரும்."

ஜீவராணி நடந்தாள். கோயிலிலிருந்து பாலம்வரைக்கும் பாதை வளைந்து வளைந்து இறங்கும், மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு வளைவும் தெரியும். தப்பு அடிக்கவில்லை. ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் எப்போது போய்த் தொலைவாள் என்று தோட்டம் முழுக்கக் காத்துக்கொண்டு நின்றது, அம்மா கையை நீட்டியபடியே நின்றாள். பையின் சக்கரம் கல்லில் தடதடவென்று உருண்ட சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். ஓடவும் வெட்கமாக இருந்தது, மெல்லப் போகவும் வெட்கமாக இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்ற நினைப்பு ஒருமுறை வந்தது. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸியாம் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தான்.

"எவ்வளவு நேரமா கோல் எடுக்கிறேன் ஜீவா. அம்மா பஸ்ஸுக்கு வரலயா? அவங்களையும் கூட்டிட்டு வாறேன்னு சொன்னியே."

அவள் வாயைத் திறக்கும் முன்னால் மேலே காப்பு விழுந்ததற்கான தப்பு முழங்கியது.

"அவங்களால இனி வர முடியாது," என்றாள் ஜீவராணி.