சின்ராசு ஹாரன் அடிக்காத காலை

விடிவதற்கு முன்பே பவதாரணி விளக்குகளையும் கேமராவையும் தோளில் சுமந்து கல்லூரி மாடிக்கு ஏறுவாள். யானைக்குட்டி எடை, குறைத்துத்தான் சொல்கிறேன். அதே கல்லூரி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் தேய்ந்து ஓய்வு பெற்ற எனக்கு, எதிர்க் கடையில் டீ குடித்தபடி இதையெல்லாம் பார்ப்பதுதான் சோலி.

ஐந்தரைக்குள் விரிவுரையாளர்கள் நடத்தும் பாடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அப்புறம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வந்துவிடும். ஜீப்பு ஓட்டும் சின்ராசின் ஹாரனுக்கு மலையே அரையடி நகர்ந்திருக்கிறது.

"அண்ணே, அஞ்சு நிமிசம் அடிக்காம இருங்களேன்."

"நேரந் தப்புனா மலைமெட்டுக்கு மேல தோட்டத்துல பாதி நாள் கூலிய வெட்டிருவாங்க ஆத்தா!"

பதினோரு வருஷமாக இதே பேச்சு.

தாளில் அவள் கல்வித் தொழில்நுட்ப வல்லுநர். பேராசிரியர்களுக்கே இணையத்தில் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தவள். ஆசிரியர் சங்கம், 'நீ ஆசிரியர் இல்லை' என்றது. அலுவலர் சங்கம், 'நீ அலுவலர் இல்லை' என்றது. பதவி உயர்வுக்குப் படியே கிடையாது.

திங்களன்று கல்லூரிச் செயலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"அறுநூறு பாடம் ஆச்சுல்ல? மிச்சம் எட்டையும் முடிச்சுட்டு வேலையிலருந்து நின்னுக்கம்மா."

"பிள்ளைக எங்க தடுமாறுதுன்னு பாத்துத் திருத்தணும் சார்."

"பட்டனை அமுக்க வாட்ச்மேன் போதும்."

"அப்ப கௌரவ விரிவுரையாளருக?"

"அவுக குரல்தான் நம்மகிட்ட இருக்கே!"

வேதியியல் நடத்தும் அன்னக்கொடியிடம் ஓடினாள்.

"என் குரலை வச்சே என்னைய வெரட்டுறானா? நீதானடி பிடிச்ச!"

"நான்தான்க்கா. இனி பிடிக்க மாட்டேன்."

மறுநாள் விளக்குகள் மாடிக்கு ஏறவில்லை. இருவரும் வேலையை நிறுத்திக் கல்லூரி வாசற்படியில் உட்கார்ந்தார்கள். வருகிறோம் என்ற இருபத்திரண்டு விரிவுரையாளர்களில் அன்னக்கொடியோடு சேர்த்து மூன்றே பேர். ஊரே திரண்டது என்று எழுதக் கை துடிக்கிறது; மூன்றே பேர்.

ஜீப்பு வந்தது. தோட்ட வேலைக்குப் போகும் மொக்கம்மாள் உள்ளிருந்து தலையை நீட்டினாள். அவள் மகள் அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

"இன்னைக்குப் பாடம் பிடிக்கலையா ஆத்தா?"

பவதாரணி நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப எம்மக சந்தேகத்த யாருகிட்ட கேப்பா? பொட்டிகிட்டயா?"

மொக்கம்மாள் இறங்கிப் படியில் உட்கார்ந்தாள். ஜீப்பிலிருந்த மற்றப் பெண்களும் இறங்கினார்கள்.

"பாதி நாள் போயிருமேக்கா" என்றாள் பவதாரணி.

"போகட்டும்."

சின்ராசின் கை ஹாரன்மேல் இருந்தது. எடுத்தான். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.

"அஞ்சு நிமிசம் கேட்டீல்ல, எடுத்துக்க."

வேலை திரும்பவில்லை, செயலாளரின் கார் இன்னும் வரவில்லை. அந்த நேரத்துத் தெரு மட்டும் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நிசப்தமாக இருந்தது. அதைப் பதிவு செய்யத்தான் கேமரா இல்லை.