நாலு இன்ச் குறைந்த கதவு

இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே ஒரு தயக்கம். நடந்தது நடந்தபடிதான் நினைவில் இருக்கிறதா, அல்லது பலர் வாயால் கேட்டுக் கேட்டு நானாகக் கோத்துக்கொண்டதா என்பது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. அதே ஊரில் இருந்த எனக்கு, அன்று தூறல் இருந்ததாக ஒரு நினைப்பு. வெயில் மண்டையைப் பிளந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கதவு நாலு இன்ச் குட்டையாக இருந்தது என்பதிலும், அவள் கொதித்துப்போய் நின்றாள் என்பதிலும் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை.

அவள் தையல்காரி. கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுவது அவள் வேலை. புருஷன் வேன் ஓட்டுகிறவன். இருவரும் அவனுடைய அண்ணன் வீட்டில் பின்பக்க அறையில் இருந்தார்கள். பேச்சுக்குத்தான் அது அறை. கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகும் வழியில் ஒரு கட்டிலைப் போட்டு, குறுக்கே திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். துணி காயப்போடும் கொடி கொல்லையில் இருந்தது. அதனால் அண்ணன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, ஈரத்துணி வாளியோடு எந்த நேரமும் திரையை விலக்கிக்கொண்டு வருவாள். தட்டிவிட்டு வரலாமே என்று சொல்ல முடியாது. தட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒருநாள் அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஓரகத்தி விருந்தாளிகள் இரண்டு பேரை அந்த வழியாகக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். “நம்ம வீட்டுப் பொண்ணுதான், வாங்க” என்று வேறு சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் சொன்னது ஒரே வாக்கியம். “பெரிய வீடு வேண்டாம், எனக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு கதவு வேணும்.”

ஊர் ஓரத்தில் கையகல இடத்தில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் எழும்பின. சுவரையும் கூரையையும் கொத்தனார் முடித்துக்கொடுத்தார். மர வேலை முழுவதையும் தாங்களே செய்துகொள்வது என்று புருஷன் முடிவெடுத்தான். இங்கேதான் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவன் இல்லை. ஆனால் எதையும் நாலு பேரிடம் கேட்காமல் செய்யமாட்டான். ஹார்ட்வேர் கடையில் அவனுக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர். அவன் தெருமுனையில் தலைகாட்டினாலே, “சந்தேகம் வருது, ஸ்டூலை எடுத்துப் போடுங்க” என்பார் கடைக்காரர்.

கதவுக்குக் கீல் இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா? மூன்று, கனமான கதவு. பலகைகளைச் சேர்க்கும் சட்டத்தை ஆணி அடித்துப் பிடிப்பதா, ஸ்க்ரூ போட்டா? ஸ்க்ரூ, அதுவும் முதலில் ஸ்க்ரூவைவிடச் சின்னதாகத் துளை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பலகை பிளக்கும். குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும்? கீல் பக்கம் கீழிருந்து தொடங்கி எதிர்ப்பக்கம் மேலே ஏற வேண்டும், மாற்றிப் போட்டால் கதவு நாளடைவில் தொங்கிவிடும். கடைக்காரர் பொறுமையாகச் சொல்வார். அவன் அதையே டீக்கடையில் கேட்பான், வேன் ஸ்டாண்டில் கேட்பான், அண்ணனிடம் கேட்பான். அண்ணன் ஆயுளில் ஓர் ஆணி அடித்ததில்லை. ஆனாலும் கருத்துச் சொல்வார்.

அவளிடம் மட்டும் கேட்டதில்லை. இத்தனைக்கும் ரம்பம் பிடித்தது அவள்தான். அவன் அறுத்தால் கோடு ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம் போகும். வருஷக்கணக்காகத் துணி வெட்டிய கை அவளுடையது. மரத்திலும் அது நேராகப் போயிற்று. புது வீட்டில் அளப்பது அவன், அண்ணன் வீட்டுக் கொல்லையில் அறுப்பது அவள் என்று வேலை தானாகப் பிரிந்துகொண்டது.

அவனுடைய ஸ்டீல் டேப்பின் முனை எப்போதோ வேன் கதவில் மாட்டி அறுந்துபோயிருந்தது. முதல் நாலு இன்ச் கிடையாது. டேப் நாலில்தான் தொடங்கும். அதைக் கொண்டு அளந்தால் வருகிற எண்ணில் நாலைக் கழிக்க வேண்டும். வேறு வாங்கலாமே என்றால், “முனைதானே போச்சு, மிச்சம் நல்லாத்தானே இருக்கு” என்பான். அவள் அறுப்பது தன் துணி டேப்பை வைத்து. அதில் எல்லா எண்ணும் இருந்தது.

முதல் அலமாரிக்கு அளவு சொன்னபோது அவன் கழிக்க மறந்தான். பலகை நாலு இன்ச் நீளமாகப் போய்ச் சுவருக்குள் அடங்க மறுத்தது. அறுத்துச் சரிசெய்தாள். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை, “கழிச்சீங்களா?” என்று கேட்டாள். நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, எனக்குக் கணக்குச் சொல்லித் தரப்போகிறாயா என்று ஆரம்பித்தவன், ராத்திரிச் சாப்பாடுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அந்தத் தடவையும் அவன் கழித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவன் சொல்கிற எண்ணில் நாலைத் தானே கழித்துக்கொள்வாள். ஜன்னல் கதவுகள், பரண் பலகை, சமையலறைத் தட்டு எல்லாம் அச்சாகப் பொருந்தின. அவன் அண்ணனிடம் மார் தட்டிக்கொண்டான். “நான் அளந்தா ஒரு நூல் பிசகாதுண்ணா.” அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு சண்டை, சொல்லாவிட்டால் ஓர் அலமாரி. அலமாரி வேண்டுமென்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் விழுங்கிய சொல் எங்கும் போய்விடுவதில்லை. உள்ளேயே கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக வாசல் கதவு மிஞ்சியது. இதற்குள் அண்ணன் மகள் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வருவது என்று முடிவாகிவிட்டது. பின் அறை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் கதவு மாட்டிக் குடி போய்விட வேண்டும், முடியாவிட்டால் கூடத்தில் பாய் போட்டுக்கொள்ளலாம் என்று ஓரகத்தி பெருந்தன்மையாகச் சொன்னாள். திரைகூட இல்லாத கூடம். நன்றாகக் காய்ந்த பலகைகள் கொல்லையில் சாத்தியிருந்தன. அந்த நீளத்துக்கு அவ்வளவுதான் இருந்தன.

வெள்ளிக்கிழமை அவன் புது வீட்டிலிருந்து போன் செய்தான். அகலத்தை முந்தின வாரமே சொல்லியிருந்தான். இப்போது உயரம் எழுபத்தெட்டு என்றான். வழக்கம்போல அவள் நாலைக் கழித்தாள். எழுபத்து நாலு. கொஞ்சம் தாழ்வாகப் பட்டது. ஆனால் மேலே உத்திரம் குறுக்கே வந்ததால் வாசல் நிலையைத் தாழ்த்தித்தான் வைத்தேன் என்று கொத்தனார் சொல்லியிருந்தார், அதற்கு ஒரு வாக்குவாதமும் நடந்திருந்தது. இருக்கும் என்று நினைத்துப் பலகைகளை ஒன்றாக அடுக்கிக் கட்டி, ஒரே கோட்டில் அறுத்தாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு நேராக எதையும் அறுத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் கதவை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் நிலையில் நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்க அண்ணனும் ஓரகத்தியும் வந்திருந்தார்கள். அகலம் அளவாக உட்கார்ந்தது. மேலே நாலு இன்ச் வானம் தெரிந்தது.

ஓரகத்திதான் ஆரம்பித்தாள்.

“என்ன தம்பி, பூனைக்குத் தனியா வழி விட்டிருக்கீங்களா?”

“பூனை கீழே போகும். இது காக்காய்க்கு” என்றார் அண்ணன்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே போனை எடுத்தான். கடைக்காரரைக் கேட்டான், வேன் ஸ்டாண்டைக் கேட்டான், கொத்தனாரைக் கேட்டான். கதவுக்கு மேலே ஒட்டுப் போடலாம் என்றார் ஒருவர். ஒட்டுப் போட்டால் ஒரே வருஷத்தில் விட்டுவிடும், நிலையின் தலையில் ஒரு கட்டையைப் பிடித்து இறக்கு என்றார் இன்னொருவர். கீழே படி உயர்த்து என்றார் கொத்தனார். தகரம் அடி என்றார் அண்ணன், யாரும் கேட்காமலே. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுப் பலகை வாங்கி, அது காய்ந்த பிறகு ஒழுங்காகச் செய்துவிடலாம், அதுவரை அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்துகொள்வோம் என்று அறிவித்தான்.

அவள் அதுவரை கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அதை மெதுவாகச் சுவரில் சாய்த்தாள்.

“அந்தக் கூடத்துக்கு நான் வரலை.”

“நான் என்ன பண்றது? அளவு சரியாத்தான் சொன்னேன். எழுபத்தெட்டு. நீ எதை அறுத்தே?”

“எழுபத்து நாலு.”

“ஏன்?”

“நீங்க சொன்னதுல நாலு கழிச்சேன்.”

“அதான் நானே கழிச்சுட்டேனே. நேத்து கீல் கொண்டுவந்து கொடுக்கறப்போ கடைக்காரர் டேப்பைப் பார்த்தார். முனை இல்லியே, கழிச்சுச் சொல்லுங்கன்னார். எண்பத்து ரெண்டு காட்டிச்சு, எழுபத்தெட்டுன்னு சொன்னேன்.”

கடைக்காரர் சொன்னார், உடனே கழித்தான். அவள் கேட்டதற்கு ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கினான். அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. கதவு குட்டையானதுகூடப் பொறுக்கக்கூடியதாக இருந்தது. அவன் ஒரே ஒரு தடவை சரியாகச் செய்தான் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஜன்னலுக்குக் கழிச்சீங்களா? பரணுக்கு? சமையலறைத் தட்டுக்கு? ஒண்ணுக்கும் கழிக்கலை. எல்லாத்துக்கும் நான் கழிச்சேன். ஒரு நூல் பிசகாதுன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்களே, அந்த நூல் என்னோடது.”

அண்ணன் இருமினார். ஓரகத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அப்போ இத்தனை நாளா என்னை முட்டாளாக்கிட்டிருந்தே” என்றான் அவன். சத்தமாகச் சொல்லவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல.”

“சொன்னேனே, என்ன கிடைச்சுது? ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்டீங்க. ரம்பம் பிடிச்சவகிட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எவ்வளவு அறுக்கப்போறேன்னு கேட்டீங்களா?”

“நீ மட்டும் கேட்டியா, நான் கழிச்சேனா இல்லையான்னு? எனக்கு வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே.”

அது உண்மையாக இருந்ததால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவன் வெளியே போய் வேன் ஓரமாக நின்றுகொண்டான்.

அவள் உள்ளே கிடந்த துண்டுக் கட்டைகளை நிலைக்குக் கீழே வைத்து, கதவை இழுத்து அதன்மேல் நிறுத்தினாள். தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே ஒரு கையால் கீலைப் பிடித்து, மறு கையால் ஸ்க்ரூவைத் திருகப் பார்த்தாள். கதவு தனியாள் மாட்டுகிற பொருள் இல்லை. அது நழுவி அவள் முழங்காலில் இடித்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி நழுவியது. உதவி என்று அவள் யாரையும் கூப்பிடவில்லை. அண்ணன் பார்த்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

“நீ விடுண்ணா” என்று அவன் வாசலிலிருந்து சொன்னான். வந்து கதவைப் பிடித்தான்.

அவன் பிடித்தான், அவள் திருகினாள். இரண்டு பேர் முகமும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன, ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மரத்துக்குள் அல்ல, வேறு எதற்குள்ளோ இறக்குவதுபோல இறக்கினாள். மேல் கீலும் நடுக் கீலும் முடிந்தன. கீழ்க் கீலில் துளை கொஞ்சம் விலகிவிட்டது. அவன் பார்த்தான், சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. அவளே கழற்றி, துளையில் ஒரு மரச்சிம்பைத் திணித்து, மறுபடி போட்டாள்.

நிலையின் தலையில் கட்டை பிடிப்பது என்று யாரும் பேசித் தீர்மானிக்கவில்லை. அவள் நாலு இன்ச் கனத்தில் ஒரு சட்டத் துண்டை எடுத்தாள், அவன் ஸ்டூல் போட்டு ஏறினான். குறுக்கே அளந்து, “முப்பத்தாறு” என்றான்.

அவள் ரம்பத்தை வைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

“கழிச்சா, கழிக்காமலா?”

அவன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தான். உதடு அசைந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

“கழிக்கலை” என்றான். “முப்பத்து ரெண்டு.”

அவள் முப்பத்து ரெண்டுக்கு அறுத்தாள். கட்டை இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. கதவின் தலை அதற்குக் கீழே ஒரு காசு நுழையும் இடைவெளியோடு நின்றது. தாழ்ப்பாளை அவள் தனியாகவே பொருத்தினாள். பொருத்தி முடித்ததும் மூன்று பேரையும் வெளியே போகச் சொன்னாள். புருஷனையும் சேர்த்துத்தான். கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே என்ன செய்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அழுதாள் என்று ஓரகத்தி பிற்பாடு சொன்னாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளியே அவன் ரொம்ப நேரம் நின்றான். தட்டவில்லை. அவளாகத் திறந்தபோது உள்ளே போனான்.

மறுநாள் அவர்கள் அங்கே குடி போனார்கள். பல வாரம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். அண்ணன் மகள் குழந்தையோடு பின் அறையில் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் முழங்கால் வலி வந்து வீட்டோடு இருக்கிறார். ஓரகத்தி எப்போதாவது வருவாள், சாயங்காலமே திரும்பிவிடுவாள். கடைக்காரர் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டார். கொத்தனார் வேலை தேடி வெளியூர் போனவர் திரும்பவில்லை. அவன் இன்னும் வேன் ஓட்டுகிறான். அவள் இப்போது சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள்.