அகலக்கால் வைக்காத ராயப்பராஜ்

வியாகுலம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் மூன்று நாளானாலும் பிணம் கெடாது. இது 1993 சித்திரையில் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் தெரியவந்தது. எதிர்வீட்டு செபாஸ்தியம்மாள் இறந்தபோது, மகன் பம்பாயிலிருந்து ரயிலேறி வர இரண்டு நாளாகும் என்றார்கள். ஐஸ் கம்பெனியில் மிஷின் ரிப்பேர், ஒரு கட்டிகூடக் கிடைக்கவில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. பழகின பழக்கத்துக்காகச் செத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்த வியாகுலம்மாள், மகன் வரும்வரை எழுந்திருக்கவில்லை. மகன் வந்து பார்க்கும்போது தாய் முகம் அப்போதுதான் குளித்ததுபோல் இருந்தது. பிணத்துக்குப் போட்ட மாலையில் வியாகுலம்மாள் பக்கத்து மல்லிகை மட்டும் மொட்டாகவே இருந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் செத்த நேரம் நிறுத்தி அதைப் பார்த்துவிட்டு மறுபடி அழுதார்கள். எங்கள் ஊரில் வெங்காய விலையைத் தவிர வேறெதற்கும் யாரும் வாயைப் பிளப்பதில்லை.

அவள் புருசன் ராயப்பராஜ் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அண்டா, ஜமுக்காளம், இரும்பு நாற்காலி, பந்தல் எல்லாம் அவரிடம்தான். கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. கையைச் சுருக்கிக்கொண்டு பிழைத்தவர், அவ்வளவுதான். கடையைப் பெரிசாக்கச் செலவழிப்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. இல்லை என்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பின பிறகுதான் நாலாமவனுக்காக ஒரு புதுச் சாமான் வாங்குவார். "அகலக்கால் வச்சவன் எவனும் நிமிந்து நின்னதில்லப்பு" என்பார். இந்தக் கணக்கில்தான் நாற்காலி ஐம்பதிலிருந்து முந்நூறானது; கடன் என்று ஒரு பைசா இல்லை. செபாஸ்தியம்மாள் சாவுக்குப் பிறகு, துக்க வீட்டிலிருந்து நாற்காலி கேட்டு வருகிறவர்களிடம், "கூட ஒரு ஆள் வரும், தலைமாட்டுல ஒரு சேர் மட்டும் போட்டுருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை. பந்தல் வாடகையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

சாணார்பட்டி, காந்திகிராமம், பழனி அடிவாரம் என்று வியாகுலம்மாள் போகாத இடமில்லை. முதல் வருசம் விரல் நுனிதான் சில்லிட்டது. 1996க்குள் முழங்கைவரை ஏறிவிட்டது. அவள் உறை ஊற்றினால் பால் தயிராகவில்லை, அவள் கரைத்து வைத்த மாவு இரண்டு நாளானாலும் பொங்கவில்லை. கொதிக்கிற குழம்புச் சட்டியைத் துணியில்லாமல் இறக்கி வைப்பாள், ஒன்றும் தெரியாது. மகள் ஐரினுக்குத் தலை பின்னினால் பிள்ளைக்கு அன்று மாலையே ஜலதோசம் பிடிக்கும் என்பதால், பக்கத்துவீட்டு குர்ஷித் பேகத்திடம் அனுப்பிப் பின்னச் சொன்னாள். அங்கே ஐரின் சிரிப்பது சுவரைத் தாண்டிக் கேட்கும். முதலில் வியாகுலம்மாளுக்கு அழுகை வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குவாள்.

மறு வருசம் ஐப்பசியில் அவளுக்கு அம்மை போட்டது. ஒரு மாசம் வேப்பிலைக்கு நடுவில் படுத்துக் கிடந்தாள், எந்தச் சாவுக்கும் போகவில்லை. தண்ணி ஊற்றின மறுநாள் டீ டம்ளரைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். சுட்டது. அன்று ஐரினைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவிழ்த்து அவிழ்த்து மூன்று தடவை பின்னினாள். போகாமல் இருந்தால் சூடு திரும்பிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துபோயிற்று. மதுரைப் பக்கம் பிணம் வைக்க ஐஸ் பெட்டி வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தாள். "என்னங்க, நாமளும் ஒரு பெட்டி வாங்கிருவமே" என்று ராயப்பராஜிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. "வாங்கலாம். இதுவரைக்கும் யாரையாவது இல்லன்னு திருப்பி அனுப்பியிருக்கமா, சொல்லு? அப்பிடி ஒரு நெலம வரட்டும், அன்னைக்கே வாங்குறேன்" என்றார். அவர் கணக்குப்படி அது நியாயம்தான். அவள் போய்க்கொண்டிருக்கும்வரை யாரையும் திருப்பி அனுப்ப வேண்டி வராது என்பது மட்டும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு எவன் சாவான் என்று பார்த்துக்கொண்டிருப்பது பாவம் என்றும் சொன்னார். மறுநாள் காந்திகிராமத்திலிருந்து ஆள் வந்தது. அவள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

1999ல் சின்னாளபட்டியில் இதே தொழில் செய்த பெரியகருப்பன் கடன் வாங்கி ஒரு ஐஸ் பெட்டி இறக்கினார். ராயப்பராஜ் சைக்கிளில் போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரண்டு போனா என்னப்பா செய்வ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார். 2001ல் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தது. இன்றைக்கு ஒருத்தரையாவது திருப்பி அனுப்பியாக வேண்டும் என்று வியாகுலம்மாள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவர் அவளை டிவிஎஸ் வண்டியில் ஏற்றி, மதியம்வரை அங்கும் மதியத்துக்கு மேல் இங்குமாக உட்காரவைத்தார். இரண்டு உடம்பும் கெடவில்லை. 2004ல் மூன்று கல்யாண வீட்டுக்கு வண்டி இல்லை என்று சொல்ல நேர்ந்ததால், கணக்குத் தவறாமல் ஒரு மினி லாரி வாங்கி, நெற்றியில் 'ஐரின்' என்று எழுதவைத்தார். பொண்டாட்டிமேல் பிரியம் இல்லாமலும் இல்லை. வருசா வருசம் கொடைக்கானல் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்குவார். அவள் அதைப் போட்டுக்கொண்டால் கம்பளியும் சில்லிட்டுப் போகும். அதற்குள் குளிர் கழுத்துக்கு வந்துவிட்டது.

2008ல் கரண்ட் கட் ஆரம்பித்தது. நேரம் காலம் இல்லாமல் போயிற்று. பெரியகருப்பனிடம் பெட்டி எடுத்தவர்களும் ராயப்பராஜ் வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மாவைக் கொஞ்சம் அனுப்பிவிடுங்க" என்றார்கள். ராயப்பராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? அன்னைக்கே வாங்கியிருந்தா இன்னைக்குக் கையப் பெசஞ்சுட்டு நின்னுருப்போம்" என்றார். அவள் சரி என்றாள். அவளிடமிருந்து அந்த நாட்களில் வேறு சொல் வந்ததாக யாரும் சொல்லவில்லை. பெரியகருப்பன் மேலும் கடன் வாங்கி ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். ஊர் அவரைப் பைத்தியக்காரன் என்றது.

2009 மாசியில், லாரியிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த ராயப்பராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே சரிந்தார். ஐரின் அப்போது டெல்லியில் நர்ஸ். மறுநாள் சாயங்காலம்தான் வர முடியும். உடம்பைக் குளிப்பாட்டிக் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை மாட்டிக் கிடத்தினார்கள். யாரும் சொல்லாமலே தலைமாட்டில் ஒரு நாற்காலி வந்தது. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வியாகுலம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, புருசன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள்.

"எனக்குக் குளிருது" என்றாள்.

பதினாறு வருசத்தில் இதை அவள் சொல்லி அன்றுதான் ஊர் கேட்டது. சின்னாளபட்டிக்குப் போன் போடச் சொன்னாள். பெரியகருப்பன் பெட்டியும் ஜெனரேட்டருமாக வந்து இறங்கி, "அண்ணனுக்கு நான் வாடகை வாங்குவனாக்கா?" என்று கைகூப்பினார். கொடியில் கிடந்த ராயப்பராஜின் பழைய சட்டைப் பையில் கைவிட்டு, முழு வாடகையையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். "கடன்ல வாங்கின பெட்டிதான? வாங்கிக்கங்க" என்றாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெயிலில் உட்கார்ந்தாள். கட்டின புருசனுக்கு உட்காராதவள் என்று அங்கேயே பேசினார்கள். அவள் காதில் அது விழுந்தது, எழுந்திருக்கவில்லை. ஐரின் வந்து கண்ணாடி வழியாக அப்பா முகத்தைப் பார்த்து அழுதாள். முகம் நன்றாகத்தான் இருந்தது.

முப்பதாம் நாள் பூசையில் பாதியில் கரண்ட் போனது. பங்குனி வெக்கை, கோயில் முழுக்க முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். வெக்கைக்கு வியாகுலம்மாளை ஒட்டி உட்கார்ந்து பழகின பெண்கள் அன்றும் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிரயோசனமில்லை என்று எழுந்து ஜன்னல் பக்கம் போனார்கள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஐரின் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனாள்.

"தொடைக்காதடி. இருக்கட்டும்" என்றாள் வியாகுலம்மாள்.