சனிக்கிழமைக் குளியல்

என் கணவர் சத்தியநேசனுக்குக் கண் சரியில்லை. எனக்கு வலது கால் சரியில்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு டிரைவர். மாதம் ஒரு திங்கட்கிழமை, முக்கூடலிலிருந்து மதுரைக்குக் காரில் போய் அவர் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு வருவோம். கணுக்காலில் தகடு வைத்த நான் அவ்வளவு தூரம் ஓட்டுவது குரூஸ் கன்ட்ரோல் புண்ணியத்தில்தான். நாலுவழிச் சாலையில் எண்பதைத் தொட்டதும் பொத்தானை அமுக்கிவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி அதே வேகத்தில் போகும்.

மார்ச் மாதம் அது என் காலை வாரியது. கங்கைகொண்டான் தாண்டியதும் தானாகவே விட்டுப்போனது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டினான். ஏப்ரலிலும் அதே கதை. மதுரை போய்ச் சேர்ந்தபோது என் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் ஜெய்சன், "காரை வித்துட்டு இங்க வந்துருங்கம்மா" என்று பிடித்துக்கொண்டான். மே மாதப் பயணமும் கெட்டால் வருகிறோம் என்று நானும் வாயை விட்டுவிட்டேன். சொன்ன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன், அழுகை வந்தது.

கம்பெனி சர்வீஸுக்கு இரண்டு வியாழக்கிழமை போனேன். இரண்டு தடவையும் குறையே இல்லை என்றார்கள். "உங்க கால் தெரியாம பிரேக்ல பட்டிருக்கும் மேடம்" என்றான் ஒருவன். முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் அலி அஸ்கரிடம் போனேன். துபாயில் பல வருஷம் காருக்கு எலக்ட்ரிக் வேலை பார்த்தவர். அன்றும் வியாழன்; அன்றும் வண்டி சமர்த்தாக இருந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"டீச்சர், என்னைக்கெல்லாம் இப்பிடிப் பண்ணுது?"

"திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டைக் கோயிலுக்குப் போகும்போதும் வேகமுள்ளு குதிக்கும்."

"வியாழன்?"

"இல்ல."

"அப்போ சனிக்கிழமை என்ன நடக்கு?"

"கருத்தையாண்ணன் ஆத்துல இறக்கிக் கழுவுவாவ."

அலி அஸ்கர் தலையாட்டினார். "இந்தச் சனியும் கழுவட்டும், ஒண்ணும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. கோளாறு வந்தாத்தான பிடிக்க முடியும்?"

ஞாயிறு சர்ச் ஆராதனை முடிந்ததும் போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையில் டேப்லெட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கங்கைகொண்டான் பக்கமாக ஓட்டினேன். திரையில் நாலு சக்கரத்துக்கும் நாலு எண். மூன்று எண்பதில் நிற்க, வலது பின்சக்கரம் மட்டும் எண்பது, பூஜ்யம், எழுபத்தேழு, பூஜ்யம் என்று துள்ளியது.

"பாத்தீங்களா? ஓடிக்கிட்டே ஓடலன்னு பொய் சொல்லுது. யாரை நம்பன்னு தெரியாம குரூஸ் கைய விட்டுருது."

பட்டறைக்கு வந்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினார். வேகத்தை அளக்கும் சென்சாரில் வயர் சேரும் இடத்தில் ரப்பர் கிழிந்திருந்தது. உள்ளே கம்பி முனைகள் பச்சை பூத்திருந்தன. விரலால் வழித்துக் காட்டினார். "ஆத்து மணல்லா டீச்சர் இது!" சனிக்கிழமை உள்ளே போகிற தண்ணீர் காய்வதற்குப் புதன், வியாழன் ஆகிவிடுகிறது.

இதைக் கழுவுகிறவரிடம் எப்படிச் சொல்வேன்? கருத்தையா அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் இசக்கிச்செல்விக்குப் பிரசவ வலி வந்து, ஆம்புலன்ஸ் தாமதமானபோது, நான்தான் இதே காரில் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சாவி கேட்டு வந்துவிடுவார். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும்.

"அவரு மனசு நோகுமே தம்பி," என்றேன்.

"உள்ளதச் சொல்லுங்க டீச்சர். ரப்பர் பழசாகித்தான் கிழிஞ்சிருக்கு. அவரு ஆத்துல இறக்கப்போயி இப்பவே தெரிஞ்சுது. பிரேக்குக்கும் இதே சென்சார்தான் வேகம் சொல்லுது. ஐப்பசி மழையில, வழுக்குற ரோட்டுல பிரேக் போடும்போது தெரிய வந்திருந்தா?"

ரப்பரையும் இணைப்பையும் மாற்றி, பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மறுபடி ஓட்டச் சொன்னார். நாலு எண்ணும் ஒன்றாக நின்றன. "என் கால் மேல பழி போடாத முதல் ஆளு நீங்கதான் தம்பி," என்று கைகூப்பினேன்.

சாயங்காலம் கருத்தையா அண்ணனிடம் சொன்னேன். குனிந்து அந்தச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"எம் புள்ளைக்காக அம்புட்டுத் தூரம் ஓடுன வண்டில்லா டீச்சர். மாட்டை நிறுத்துத மாதிரி செத்த நேரம் தண்ணியில நிக்கட்டும்னு விட்டேன். உங்கள நடுரோட்டுல விட்டது நானா?"

"கண்டுபிடிச்சுக் குடுத்தது நீங்கண்ணே," என்று பிரேக் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் கங்கைகொண்டான் தாண்டி எண்பதில் பொத்தானை அமுக்கிக் காலை எடுத்தேன். வேகமுள் கண்ணுக்குத் தெரியாத என் கணவர் கோவில்பட்டி வருவதற்குள் நாலு தடவை கேட்டார். "நிக்குதா பாக்கியம்?"

"எண்பதுல நிக்கு."

மதுரையில் இறங்கும்போது செருப்பு லகுவாகக் காலில் ஏறியது. கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். 'கார் விற்பனைக்கு இல்லை' என்று ஜெய்சனுக்குச் செய்தி போட்டேன். அதற்குள் கருத்தையா அண்ணன் போனில் வந்துவிட்டார். காலையிலிருந்து அப்பா சாப்பிடவில்லை என்று இசக்கிச்செல்வி பின்னால் சத்தம் போடுவது கேட்டது.

"நின்னுச்சா டீச்சர்?"

"நின்னுச்சுண்ணே. மதுர வரைக்கும் எண்பதுலயே நின்னுச்சு. முதல்ல போய்ச் சாப்பிடுங்க."

பிறகு, "சனிக்கிழமை சாவி..." என்று பைய இழுத்தார்.

"நம்ம வாசலுக்கு வாங்கண்ணே. குழாயத் திறந்து வைக்கேன்."