எடுத்த வீடு

வடக்குப்பட்டில் எடுப்பது என்றால் வாங்குவது. புடவை எடுப்பார்கள், நகை எடுப்பார்கள், வண்டி எடுப்பார்கள், ஏரிக்குப் பின்னால் கல் நட்டு வைத்திருக்கிற மனை எடுப்பார்கள். எடுத்தது எடுத்தவருக்குச் சொந்தம், அவ்வளவுதான். வாடகை என்பது அந்த ஊரில் வாங்குகிற சங்கதியே தவிர கொடுக்கிற சங்கதி இல்லை. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த நாளிலிருந்து, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகளைக் கட்டி, வடக்கத்திப் பையன்களுக்கும் தெற்கத்திப் பெண்களுக்கும் விட்டுப் பழகிய ஊர் அது.

அதனால், செவ்வாய்க்கிழமை டீ பிரேக்கில் சசிரேகா போன் போட்டு, "ம்மா, திருவல்லிக்கேணில வூடு எடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம பால் காச்சணும்" என்று சொன்னபோது, பாஞ்சாலி அதை வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்?

சசிரேகா அவளுக்கு ஒரே மகள். வயது இருபத்தொன்பது. கார்களுக்கு வயர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாக வேலை பார்த்து, இப்போது ஒரு லைனுக்கே சூப்பர்வைசர். ஏரிக்குப் பின்னால் மகள் பேரில் ஒரு மனை என்பதுதான் மூன்று வருஷமாகப் பாஞ்சாலியின் கனவு. புரோக்கர் ரகுபதி மூலை மனை ஒன்றை அவளுக்காகவே நிறுத்தி வைத்திருந்தான். கேட்கும்போதெல்லாம் சசிரேகா 'பாக்கலாம்மா' என்று பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தாள். நழுவியதெல்லாம் எதற்காக என்று இப்போதல்லவா தெரிகிறது. மெட்ராஸில் வீடு, அதுவும் திருவல்லிக்கேணியில். பாஞ்சாலிக்கு அடுப்படியில் நிற்க இருப்புக் கொள்ளவில்லை.

அண்ணி கிளியம்மாளிடம் அவள் ரகசியமாகத்தான் சொன்னாள். கிளியம்மாளிடம் ரகசியம் சொல்வதும் மைக் செட் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான். அன்று சாயங்காலமே ரேஷன் கடை வரிசையில் பாஞ்சாலியை முன்னால் போகச் சொல்லி ஒதுங்கி நின்றார்கள். முப்பது வருஷமாக அந்த வரிசையில் நிற்கிறாள், அப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பாஞ்சாலியின் வீட்டுக்காரர் ஜீவானந்தம் பென்னலூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மாற்று ஆள் கிடைக்காததால் அவருக்கு லீவு இல்லை. ஆகவே அண்ணன் தணிகாசலமும் கிளியம்மாளும் பாஞ்சாலியும் மட்டும். தணிகாசலம் சொந்தமாக வேன் வைத்துக் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். தாய்மாமன் சீராக அவர் ஒரு எவர்சில்வர் அண்டா எடுத்திருந்தார். அதில் 'செல்வி சசிரேகா புதுமனை புகுவிழா' என்று பேர் வெட்டி, தேதியும் போட்டிருந்தது. தூக்குவாளியில் வீட்டுப் பசுவின் காலைப் பால், பை நிறையச் சாமி படங்கள், மாட்டுவதற்கு ஆணி, சுத்தியல். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

வழி நெடுக தணிகாசலம் நிலத்துக்கு விலை சொல்லிக்கொண்டே வந்தார். படப்பையில் ஒரு கிரவுண்டு இவ்வளவு, வண்டலூரில் இவ்வளவு, தாம்பரத்தில் இவ்வளவு. கிண்டி வரைக்கும் சொன்னார். சைதாப்பேட்டை தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. அவருக்குத் தெரிந்த எண்கள் தீர்ந்துபோயிருக்க வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் கட்டடமாக வந்துகொண்டே இருந்தது. எங்கேயாவது ஒரு காலி மனை வரும் என்று பாஞ்சாலி ஜன்னல் வழியாகத் தேடிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் நடுவிலா என் பெண்ணுக்கு வீடு என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வேன் நுழைய முடியாத சந்து அது. முனையிலேயே நிறுத்திவிட்டு, அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு தணிகாசலம் முன்னால் நடந்தார். மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. மேலே மொட்டை மாடியின் மூலையில் ஒரே ஒரு அறை. அதை ஒட்டித் தகரம் போட்ட சின்ன சமையலிடம், பக்கத்தில் குளியலறை. சசிரேகா வாசலில் கோலம் போட்டுவிட்டுப் புதுச் சுடிதாரில் நின்றிருந்தாள். அண்டாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ மாறியது. அதில் வெட்டியிருந்த எழுத்தைப் படிப்பதற்குள் தணிகாசலம் அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"மிச்ச ரூமெல்லாம் எங்க கீது?" என்றாள் கிளியம்மாள்.

சசிரேகா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தணிகாசலம் முருகன் படத்தை எடுத்துச் சுவரில் வைத்து, ஆணியை ஒரு தட்டுத் தட்டியிருந்தார். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டிலிருந்து சந்திரம்மாள் என்கிற அம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தார். தங்கமான மனுஷிதான். வந்தவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"சாமி படத்த செல்ஃப்ல வெச்சிக்குங்க. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. குடி வர்றவங்ககிட்ட நான் மொதல்லயே சொல்லிடுவேன், பொண்ணுகிட்டயும் சொன்னேனே."

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். தணிகாசலத்தின் கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

"குடி வர்றவங்களா?" என்றாள் பாஞ்சாலி.

"வாடகைக்குத்தாம்மா. ரூம் எடுத்திருக்கேன், வூடு எடுத்திருக்கேன்னா கம்பெனில எல்லாரும் அப்டிதான் சொல்வாங்க. நீ வாங்கிட்டேன்னு நெனச்சிக்குவேன்னு எனக்குத் தோணவே இல்ல."

பாஞ்சாலிக்கு முதலில் நினைவுக்கு வந்தது மகளின் முகம் இல்லை, ரேஷன் கடை வரிசை. அதற்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள் என்பது வேறு விஷயம். அந்த நேரத்தில் காது மடலெல்லாம் சுட்டது.

"வாடகைக்கு வூடு விடற குடும்பம் நம்மளுது. நீ இன்னாடான்னா சம்பளத்துல பாதியக் கொண்டாந்து மொட்ட மாடிக்குக் குடுக்கற" என்றார் தணிகாசலம். "வூட்டுலேந்து கம்பெனிக்குப் பத்து நிமிசம். இங்கேந்து இன்னா நேரம்?"

"ரெண்டு மணி நேரம் மாமா. மவுண்ட் ரோடு முனைல கம்பெனி பஸ் வருது."

"அப்ப அந்த மனை?"

"மனை வேணாம் மாமா. கல்லு நட்ட எடத்த வாரா வாரம் போய்ப் பாத்துட்டு வர்றதுக்கா நான் வேலைக்குப் போறேன்? ஏழு வருஷமா வூடு, கம்பெனி, வூடு. நடுவுல லாரி. அது ரெண்டத் தவிர நான் ஒண்ணும் பாக்கல. இங்க இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்குது. அவ்ளோதான்." பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லும்மா, இன்னைக்கே காலி பண்ணிட்டு உங்ககூட வேன்ல வந்துர்றேன். மனையும் எடுத்துக்கலாம். நீ சொல்லு."

சசிரேகா அப்படிச் சொல்லக்கூடியவள்தான், சொன்னால் செய்யவும் கூடியவள். அது எல்லோருக்கும் தெரியும். "சொல்லு பாஞ்சாலி" என்றார் தணிகாசலம். கிளியம்மாள் அதற்குள் தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "வேன் சூட்டுல பாலும் கெட்டுப் போச்சு. சகுனமே சரியில்ல" என்றாள்.

"நான் போய்ப் பால் வாங்கியாறேன்" என்றாள் பாஞ்சாலி. கோபம், அழுகை, இரண்டில் எது முதலில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது அங்கே வர வேண்டாம் என்றுதான் சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

பால் கடை சந்து முனையிலேயே இருந்தது. இருந்தும் அவள் நிற்கவில்லை. மனசு ஆறட்டும், ஒரு நடை நடந்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தாண்டிப் போனாள். வடக்குப்பட்டில் பாஞ்சாலி வீட்டைவிட்டுக் கிளம்பிப் பத்து அடி வைப்பதற்குள் ஒரு குரல் வரும். 'இன்னா பாஞ்சாலி, எங்க கெளம்பிட்ட?' ரேஷன் கடை போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுப் பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிரியத்தில் கேட்பதுதான். அவளும் மற்றவர்களை அப்படிக் கேட்கிறவள்தான். கல்யாணமான நாளிலிருந்து, பதில் தயார் செய்துகொள்ளாமல் அவள் தெருவில் இறங்கியதே இல்லை. இப்போதுகூட நாக்கு நுனியில் 'பால் வாங்க' என்ற பதிலை வைத்துக்கொண்டுதான் நடந்தாள்.

யாரும் கேட்கவில்லை.

பெரிய தெருவில் அவ்வளவு ஜனம். பூக்கட்டுகிற பெண்கள், லுங்கியோடு பேப்பர் படிக்கிற மேன்ஷன் பையன்கள், தொப்பி போட்ட பாய்மார்கள், நாமம் போட்ட பெரியவர், ஸ்கூட்டரில் மூன்று பெண் பிள்ளைகள். ஒருவர்கூட அவளை நிமிர்ந்து பார்த்து எங்கே என்று கேட்கவில்லை. முதலில் அவளுக்குச் சுருக்கென்றது, மனுஷியாகவே மதிக்கவில்லையோ என்று. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் தோள்பட்டை லேசானது போல் இருந்தது. ஊசி வேண்டுமா, இங்கே. மூக்குக் கண்ணாடி வேண்டுமா, அதற்கு அடுத்த கடை. கோயில் மணி ஒரு பக்கம், பிரியாணி வாசனை ஒரு பக்கம். படப்பைக்கு பஸ் ஏறிப் போய் வாங்குவதெல்லாம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருந்தது. இவ்வளவையும் கொட்டி வைத்துவிட்டு, இந்த ஊர் அவளிடம் ஒன்றுமே விசாரிக்கவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

ஒரு காபிக் கடை வாசலில் ஆணும் பெண்ணுமாக நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். வடக்குப்பட்டில் பெண்கள் டீக்கடையில் நிற்க மாட்டார்கள், வீட்டுக்கு வாங்கிவரச் சொல்வார்கள். பாஞ்சாலி போய் நின்றாள். கால் தானாகப் போய் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

"சக்கர தூக்கலாவா, கம்மியாவாக்கா?" என்றான் கடைக்காரன்.

அந்தத் தெரு அவளைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்கு அவளிடம் பதில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஊற்றியது போக மிச்சம் இருப்பதை, அது எப்படி இருக்கிறதோ அப்படிக் குடித்துத்தான் பழக்கம். கொஞ்சம் யோசித்து, "தூக்கலாவே போடுப்பா" என்றாள். கிளாஸ் கையைச் சுட்டது. நின்றபடியே, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தனக்கென்று, தான் மட்டும், தன் கையால் காசு கொடுத்து வாங்கிக் குடித்த முதல் காபி. ஐம்பத்திரண்டு வயதில் இப்படியும் ஒன்று பாக்கியிருந்ததா என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கிழக்கிலிருந்து காற்று வந்தது. ஜனத்தோடு ஜனமாக அது வந்த திசையில் நடந்தாள், சிக்னல் விளக்குக்கு நின்றாள், அகலமான சாலையைக் கடந்தாள், மணலில் இறங்கினாள். கடலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், காணும் பொங்கலுக்கு இரண்டு தடவை. அப்போதெல்லாம் சசிரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் தொலைந்துவிடக் கூடாதே என்று கூட்டத்தை மட்டும்தான் பார்த்தாள். இன்றைக்குத்தான் கடலைப் பார்த்தாள். இந்தக் கணத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கோயில் கருவறைக்கு முன் நிற்கும்போது நிறையுமே, அது மாதிரி கண் நிறைந்தது. என் பொண்ணு இதுக்குத்தான் குடுக்கறாளா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பாதிச் சம்பளம் குறைவு என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

பால் பாக்கெட்டோடு அவள் மாடி ஏறும்போது நல்ல நேரம் முடிந்துபோயிருந்தது.

"எங்கதான் போயிட்ட? ஒரு பாக்கெட் பாலுக்கு ஒரு மணி நேரமா?" என்றார் தணிகாசலம். சசிரேகா துணிகளை மடித்து ஒரு பையில் வைத்திருந்தாள். அம்மா என்ன சொல்வாள் என்று அவளே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

பாஞ்சாலி அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். பொங்கி வழியும்வரை அங்கேயே நின்றாள். எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள், முதலில் மகளுக்கு.

"அண்ணா, மூல மனைய வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லி ரகுபதிகிட்ட சொல்லிடு. வூடு வாடகைதான்னு ஊர்ல நானே சொல்லிக்கிறேன்."

"சிரிப்பாங்க பாஞ்சாலி."

"சிரிச்சிட்டுப் போறாங்க."

தணிகாசலம் டம்ளரை வைத்துவிட்டு, வேனைத் திருப்புகிறேன் என்று கீழே போனார். கிளியம்மாள் குனிந்து பாஞ்சாலியின் பாதங்களைப் பார்த்தாள். கொலுசுக்குக் கீழே ஈர மணல் ஒட்டியிருந்தது.

"கடலுக்கா போன? தனியாவா?" என்றாள் மெல்ல.

பாஞ்சாலி தலையாட்டினாள். கிளியம்மாள் மொட்டை மாடிச் சுவர் ஓரமாகப் போய், எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே ஹாரன் அடித்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தாள்.

கடைசியாக இறங்கியது பாஞ்சாலி. இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"சசி, இதுக்கு ரெண்டு சாவி குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்கம்மா. இன்னாத்துக்கு?"

"நீ டூட்டிக்குப் போயிருக்கறப்ப வந்தேன்னா, நான் வெளியிலயா நிப்பேன்?"

எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்த சசிரேகா, கேட்காமலே உள்ளே போய் சாவியை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைத்தாள்.